ஏழரை மில்லியில் ஐந்து செல்கள்

ஒரு மில்லி மனித ரத்தத்தில் ஏறக்குறைய 500 கோடி சிவப்பணுக்கள் இருக்கின்றன. வெள்ளையணுக்கள் 40 லட்சத்திலிருந்து 1.1 கோடி வரை. மார்பகப் புற்றுநோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவிவிட்ட ஒரு பெண்ணின் ரத்தத்தில், இத்தனை கோடிக்கு நடுவே புற்றுநோய் செல்களும் மிதந்துகொண்டிருக்கலாம். எத்தனை? ஏழரை மில்லிக்கு ஐந்து இருந்தாலே லேப் அறிக்கை அதை 'அதிகம்' என்று குறிக்கும். பரவிய நோய் உள்ளவர்களிலும் சுமார் பாதிப் பேரிடம் அந்த ஐந்துகூடத் தேறாது.

சிவப்பணுக்களை விட்டுவிடுவோம். அவற்றை ஒதுக்குவது லேப்காரர்களுக்குக் கைவந்த வேலை. வெள்ளையணுக்கள் மட்டுமே அந்த ஏழரை மில்லியில் சுமார் 5 கோடி. 25 கிலோ அரிசி மூட்டையில் பன்னிரண்டு லட்சம் மணிகள் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், நாற்பது மூட்டையைத் தரையில் கொட்டி, சற்றே நிறம் மாறிய ஐந்து மணிகளைப் பொறுக்க வேண்டும். அவற்றில் ஒன்றும் தப்பக் கூடாது. நல்ல மணி ஒன்றும் தவறிக் கூடையில் விழக் கூடாது.

எண்ணிக்கைதான் சிக்கல் என்று தோன்றும். ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று: கையில் எடுத்த செல் புற்றுநோய் செல்தான் என்று எதை வைத்து முடிவு செய்வது? கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் வந்த ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விக்குத் தனக்கென்று ஒரு விடை வைத்திருந்தது. அந்த விடைக்குப் பொருந்திய செல்லை அது பிடித்தது, பொருந்தாததை விட்டுவிட்டது.

முதலில் பார்த்தவர் தாமஸ் ஆஷ்வொர்த், மெல்போர்ன் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர். உடலில் சுமார் முப்பது கட்டிகளோடு இறந்துபோன ஒருவரின் ரத்தத்தை, நோய் தொடாத காலின் சிரையிலிருந்து எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கட்டியில் கண்ட அதே மாதிரி செல்கள் அதிலும் இருந்தன. கட்டியிலிருந்து கிளம்பியவை என்றால் இவை ரத்த ஓட்டத்தின் பெரும்பகுதியைச் சுற்றித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று அவர் யோசித்தார். 1869-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் அந்தக் குறிப்பு வெளியானது. புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்கு மெல்போர்னில் ஒரு துப்புக் கிடைத்தது, அதை யாரும் பெரிதாகப் பின்தொடரவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1889-ல், லண்டனில் ஸ்டீபன் பேஜட் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளைப் புரட்டி, நோய் கண்ட இடத்திலெல்லாம் பரவுவதில்லை, சில உறுப்புகளையே தேடிப் போகிறது என்று காட்டினார். விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவருடைய கருத்து. அந்த விதையை வழியிலேயே பிடித்துப் பார்க்க இன்னொரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

நடுவில் ஒரு போலி விடியலும் வந்தது. 1950-களில் ரத்தத்தைச் சுழற்றிப் படியவைத்து, சாயம் தோய்த்து, ஸ்லைடில் புற்றுநோய் செல்களைத் தேடும் ஆய்வுகள் டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் பரபரப்பாக நடந்தன. நோயாளிகளில் கணிசமானோரிடம் கண்டுபிடித்துவிட்டோம் என்று கட்டுரைகள் வந்தன. பிறகு அந்த ஸ்லைடுகளை நிதானமாக மறுபடி பார்த்தபோது, புற்றுநோய் செல் என்று எண்ணப்பட்டவற்றில் பல, எலும்பு மஜ்ஜையிலிருந்து தப்பி வந்த மெகாகேரியோசைட் செல்கள் என்று தெரிந்தது. தட்டணுக்களை உற்பத்தி செய்யும் பெரிய செல்கள் அவை. உட்கருவும் பெரிது, வடிவமும் கோணல்மாணல். பார்வைக்குப் புற்றுநோய் செல்லைப் போலவே இருக்கும். 1960-களின் நடுவில் துறையே பெயர் கெட்டுப் படுத்துவிட்டது. உருவத்தை மட்டும் வைத்து ஆளைச் சொல்ல முடியாது என்பதுதான் அந்தப் பத்தாண்டின் வருமானம்.

துறையை மீட்டவை எதிர்ப்பொருள்கள், லேப் வழக்கில் சொன்னால் ஆன்டிபாடிகள். குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகளை வேண்டிய அளவு தயாரிக்கும் வித்தை 1975-க்குப் பிறகு கைக்கு வந்தது. அதோடு கேள்வியும் மாறியது. மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் பால் சுரக்கும் குழாய்களின் உட்பூச்சாக இருக்கும் செல்களில் தொடங்குகிறது. தோல், குடல், குழாய் ஆகியவற்றின் மேற்பரப்பை மூடும் இவ்வகைச் செல்களுக்கு எபிதீலியல் செல்கள் என்று பெயர். இவை ஒன்றோடொன்று ஒட்டி வாழ்பவை. அந்த ஒட்டுதலுக்கு உதவும் எப்கேம் என்ற புரதம் அவற்றின் மேற்பரப்பில் இருக்கும்; உள்ளே சைட்டோகெராட்டின் என்ற இழைகள் சட்டகமாக நிற்கும். ரத்த அணுக்களுக்குப் பொதுவாக இவை இரண்டுமே கிடையாது. ஆகவே ரத்தத்தில் புற்றுநோய் செல்லைத் தேட வேண்டாம், எபிதீலியல் செல்லைத் தேடினால் போதும் என்று முடிவானது. அது அங்கே இருக்க வேண்டிய செல் அல்ல. இருக்கிறது என்றால் கட்டியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இந்தத் துறையின் மிகச் சாமர்த்தியமான யோசனை இதுதான் என்பேன். பிற்பாடு வந்த தலைவலிகள் பலவும் இதே யோசனையிலிருந்துதான் முளைத்தன.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இம்யூனிகான் என்ற சிறு நிறுவனத்தில், பால் லிபர்ட்டி என்ற விஞ்ஞானி காந்தத் தன்மை கொண்ட நுண்துகள் திரவங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். நெதர்லாந்திலிருந்து வந்த லியோன் டெர்ஸ்டாப்பனும், டாலஸ் நகரின் ஜோனதன் யூரும் அந்தத் துகள்களோடு எப்கேம் ஆன்டிபாடியை இணைத்து மார்பகப் புற்றுநோய் செல்களைப் பிடிக்கும் முறையை 1998-ல் வெளியிட்டார்கள். அதுவே 'செல்சர்ச்' என்ற கருவியாகி, 2004 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதியைப் பெற்றது. இம்யூனிகான் பின்னர் திவாலாகிப்போனது. கருவி கைமாறிக் கைமாறி இன்று இத்தாலியின் மெனாரினி குழுமத்திடம் இருக்கிறது. ரத்தத்தில் சுற்றும் புற்றுநோய் செல்களை எண்ணுவதில் இன்றும் மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் இதுதான். எனவே இதன் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதலில் ரத்தம் எடுப்பது. ஊசி தோலைத் துளைத்து உள்ளே போகிறது. தோலே எபிதீலியல் செல்களால் ஆனது; ஊசி முனையில் இரண்டு செல் ஒட்டிக்கொண்டு டியூபில் விழுந்தால் கணக்கு கெட்டுப்போகும். அதனால் முதலில் வரும் ரத்தத்தை வேறு டியூபில் விட்டுவிட்டு, அடுத்ததை இந்தப் பரிசோதனைக்கு எடுக்கும் வழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. டியூபும் சாதாரண டியூப் அல்ல. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு ரசாயனமும், செல்கள் சிதையாமல் நிலைநிறுத்த இன்னொன்றும் அதில் இருக்கும். கட்டியைவிட்டுப் பிரிந்த செல் பலவீனமானது. வெறும் டியூபில் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கும். நிலைநிறுத்தும் மருந்து இருந்தால் 96 மணி நேரம் வரை தாங்கும். சாதாரண அறை வெப்பத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மாதிரி வீண்.

ஏழரை மில்லி ரத்தத்தைக் கரைசலோடு கலந்து சுழற்றிக் கருவியில் வைக்கிறார்கள். மேலே நிற்கும் பிளாஸ்மாவைக் கருவி உறிஞ்சி அகற்றுகிறது. பிறகு எப்கேம் ஆன்டிபாடி பூசிய காந்தத் துகள்கள் உள்ளே இறங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு செல்லைவிடப் பல மடங்கு சிறியது, நானோமீட்டர் கணக்கில் வருவது. எப்கேம் உள்ள செல்லின் மேல் அவை ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொள்கின்றன. வெளியே காந்தம் நெருங்குகிறது. துகள் சுமந்த செல்கள் டியூபின் சுவரை நோக்கி இழுபட்டு நிற்க, மற்ற ரத்தம் வழிந்து போகிறது. காந்தத்தை விலக்கிக் கழுவி மறுபடி இழுப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் சில ஆயிரம் வெள்ளையணுக்கள் கூடவே தொற்றிக்கொண்டு வரும். 5 கோடியிலிருந்து சில ஆயிரத்துக்கு இறங்கியதே பெரிய காரியம்.

அடுத்தது அடையாளம். மூன்று சாயங்கள் சேர்க்கப்படுகின்றன. ஒன்று டி.என்.ஏ.வில் போய் ஒட்டி நீலமாக ஒளிரும். செல்லுக்கு உட்கரு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இரண்டாவது சைட்டோகெராட்டின் 8, 18, 19 ஆகியவற்றைப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு வருகிறது. மூன்றாவது, வெள்ளையணுக்களின் மேல் மட்டும் இருக்கும் சி.டி.45 என்ற புரதத்தைக் காட்டிக்கொடுக்கும். பிறகு செல்களை ஒரு சிறு கண்ணாடிக் கூட்டில் ஊற்றி, காந்தங்களுக்கு இடையே நிறுத்துகிறார்கள். காந்தம் எல்லாச் செல்களையும் மேல் கண்ணாடியில் ஒரே தளத்தில் கொண்டுவந்து பரப்பிவிடும். ஒளிர்வு நுண்ணோக்கி அந்தக் கண்ணாடி முழுவதையும் ஒவ்வொரு நிறத்திலும் படமெடுக்கும்.

உட்கரு இருக்க வேண்டும், சைட்டோகெராட்டின் இருக்க வேண்டும், சி.டி.45 இருக்கக் கூடாது, குறுக்களவு குறைந்தது 4 மைக்ரான். இந்த நான்கும் பொருந்தினால் அது புற்றுநோய் செல். கருவி தகுதியுள்ள படங்களை வரிசையாகத் திரையில் அடுக்குமே தவிர, இறுதித் தீர்ப்பு மனிதருடையது. பயிற்சி பெற்ற டெக்னீஷியன் ஒவ்வொரு படமாகப் பார்த்து 'ஆம்', 'இல்லை' என்று குறிக்கிறார். உட்கரு பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால்? சாயம் மங்கலாகப் பிடித்திருந்தால்? செத்துக்கொண்டிருக்கும் செல் உடைந்து துண்டுகளாக இருந்தால்? இத்தகைய எல்லைக்கோட்டுப் படங்களில் தேர்ந்தவர்கள் இருவருக்கும் கருத்து வேறுபடுவதுண்டு. எண்ணிக்கை ஐம்பது என்றால் இதனால் ஒன்றும் ஆகாது. நான்கா ஐந்தா என்ற இடத்தில் அறிக்கையே மாறிவிடும்.

ஐந்து என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது? 2004-ல் மாசிமோ கிறிஸ்டோஃபனில்லி குழுவினர் பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 177 பெண்களை ஆராய்ந்தார்கள். முதல் 102 பேரை வைத்து எல்லைக்கோட்டை வகுத்தார்கள். மீதி 75 பேரிடம் அது செல்லுபடியாகிறதா என்று சோதித்தார்கள். புதிய சிகிச்சை தொடங்கும் முன் ஏழரை மில்லியில் ஐந்தும் அதற்கு மேலும் செல்கள் இருந்தவர்களுக்கு, நோய் மறுபடி முன்னேறாமல் இருந்த காலம் நடுமதிப்பில் 2.7 மாதங்கள். ஐந்துக்குக் குறைவானவர்களுக்கு 7 மாதங்கள். உயிரோடு இருந்த காலம் முதல் குழுவில் 10.1 மாதங்கள், இரண்டாவதில் 18 மாதங்களுக்கு மேல். ஒரு டியூப் ரத்தம் இவ்வளவு சொல்லும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆரோக்கியமானவர்களும் புற்றல்லாத நோயுள்ளவர்களுமாக 344 பேரிடம் அதே ஆண்டு பார்த்தபோது, இரண்டு செல்லோ அதற்கு மேலோ இருந்தது ஒரே ஒருவரிடம். பத்தாண்டு கழித்து ஐரோப்பிய மையங்கள் 1,944 பேரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் எல்லைக்கோடு அசையவில்லை. எண்ணிக்கை நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்கிறது என்பதில் இப்போது சர்ச்சை இல்லை.

ஆனால் அரிதான பொருளை எண்ணுவதில் கணிதமே வைக்கும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பெண்ணின் உடல் முழுவதும் சராசரியாக ஏழரை மில்லிக்குச் சரியாக ஐந்து செல்கள் சுற்றுகின்றன என்று கொள்வோம். கருவி ஒன்றையும் தவறவிடாது என்றும் கொள்வோம். அப்படியிருந்தும், ஒரு டியூப் எடுத்தால் அதில் நான்கோ அதற்குக் குறைவோ வர 44 சதவீத வாய்ப்பு உண்டு. எந்த டியூபில் எது விழும் என்பது வெறும் தற்செயல். சராசரி ஒன்று என்றால், 37 சதவீத டியூப்களில் ஒன்றுமே இருக்காது. கருவியை மேம்படுத்தி இதைத் தீர்க்க முடியாது. அதிக ரத்தம் வேண்டும். அதற்காகத்தான் ஜெர்மனியின் டுஸ்ஸெல்டார்ஃப் குழு, தட்டணு தானம் எடுப்பதைப் போன்ற கருவியில் நோயாளியின் ரத்தத்தை லிட்டர் கணக்கில் சுழலவிட்டு, செல்கள் இருக்கும் அடுக்கை மட்டும் பிரித்தெடுத்து, மீதியை உடலுக்கே திருப்பி அனுப்பிப் பார்த்தது. வேறொரு ஜெர்மன் நிறுவனம் ஆன்டிபாடி பூசிய கம்பியைக் கைச்சிரைக்குள் அரைமணி நேரம் விட்டு எடுக்கும் உத்தியைக் கொண்டுவந்தது. இரண்டும் ஆய்வுக்கு நல்லவை. கீமோவில் களைத்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் மாதாமாதம் கேட்கக் கூடியவை அல்ல.

ஒரு புதிய முறை எவ்வளவு திறமையானது என்று எப்படிச் சோதிப்பது என்பதும் சுவையான கதை. நோயாளியின் ரத்தத்தில் உண்மையில் எத்தனை இருந்தன என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஆரோக்கியமானவரின் ரத்தத்தில், லேபில் வளர்த்த மார்பகப் புற்றுநோய் செல்களை எண்ணிப் போட்டு, எத்தனை திரும்பி வருகின்றன என்று பார்க்கிறார்கள். இதற்குப் பெரும்பாலும் பயன்படுபவை எம்.சி.எஃப்-7, எஸ்.கே.-பி.ஆர்-3 என்ற இரண்டு செல் வரிசைகள். முதலாவது 1970-ல் டெட்ராய்ட் நகரின் மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையில், ஒரு கன்னியாஸ்திரீயின் நுரையீரல் உறையில் சேர்ந்த நீரிலிருந்து வளர்க்கப்பட்டது. இந்தச் செல்கள் பருமனானவை, எப்கேமும் தாராளமாக உள்ளவை. இவற்றைப் பிடிப்பது எளிது. நூறு போட்டால் எண்பத்தைந்து, தொண்ணூறு வந்துவிடும். விளம்பரத் தாளிலும் அந்த எண்ணே ஏறும். நோயாளியின் ரத்தத்தில் அடிபட்டு நசுங்கி, எப்கேமைப் பாதி இழந்து வரும் செல்லுக்கு அந்தச் சதவீதம் பொருந்தாது. இத்துறைக் கட்டுரைகளைப் படிப்பவர்கள் முதலில் தேட வேண்டியது, சோதனை எந்தச் செல்லை வைத்து நடந்தது என்ற வரியை.

எப்கேமை இழப்பது என்று சொன்னேன். நான் முன்பு குறிப்பிட்ட தலைவலி இதுதான். கட்டியைவிட்டுக் கழன்று ரத்தக் குழாய்க்குள் புக வேண்டுமானால், செல் முதலில் பக்கத்துச் செல்லோடு உள்ள ஒட்டுதலை விட வேண்டும். அதற்காகச் சில செல்கள் எபிதீலியல் குணத்தையே உதறி, நகர்ந்து திரியும் வேறொரு வகைச் செல்லின் குணத்தை ஏற்கின்றன. எப்கேம் குறைகிறது, சைட்டோகெராட்டினும் குறைகிறது. 2009-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில், மார்பகப் புற்றுநோயின் ஒரு துணைவகையைச் சேர்ந்த செல் வரிசைகளை ரத்தத்தில் கலந்து செல்சர்ச்சுக்குக் கொடுத்தபோது அவற்றை அது கண்டுகொள்ளவே இல்லை. 2013-ல் பாஸ்டன் குழுவினர் நோயாளிகளின் ரத்தத்திலேயே இப்படி உருமாறிய செல்களைக் காட்டினார்கள். சிகிச்சைக்கு அடங்காமல் நோய் முன்னேறியபோது அவை கூடியிருந்தன. பரவுவதில் கெட்டிக்காரச் செல்லே நம் கண்ணில் படாத செல்லாகவும் இருக்கக் கூடும்.

ஆகவே எப்கேமை நம்பாத வழிகளைத் தேடினார்கள். புற்றுநோய் செல் வெள்ளையணுவைவிடப் பெரியது, எளிதில் நெளியாதது என்ற நம்பிக்கையில் 8 மைக்ரான் துளைகள் கொண்ட சவ்வில் ரத்தத்தை வடிகட்டும் முறை 2000-ல் பாரிஸிலிருந்து வந்தது. சிறிய புற்றுநோய் செல் இதில் நழுவிவிடும். பெரிய வெள்ளையணு மாட்டிக்கொள்ளும். இங்கிலாந்தின் பார்சார்டிக்ஸ் கருவி படிப்படியாகக் குறுகும் இடைவெளியில் ரத்தத்தைச் செலுத்தி, நெளிந்து வெளியேற முடியாதவற்றை நிறுத்திவைக்கிறது. பரவிய மார்பகப் புற்றுநோயில் செல்களைச் சேகரிக்க 2022 மே மாதம் அதற்கும் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. எண்ணித் தீர்ப்புச் சொல்ல அல்ல, மேல் ஆய்வுக்காகச் செல்களை எடுத்துக் கொடுக்க. வேறு சிலர் தலைகீழாக யோசித்தார்கள்: வெள்ளையணுக்களை ஆன்டிபாடியால் பிடித்து வெளியேற்றிவிட்டால் மிஞ்சுவது எதுவானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது 2007-ல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து வந்த சில்லு. சிலிக்கான் தகட்டில் 78,000 நுண்தூண்கள், ஒவ்வொன்றின் மேலும் ஆன்டிபாடிப் பூச்சு. ரத்தத்தை எந்தப் பக்குவமும் செய்யாமல் மணிக்கு ஒன்றிரண்டு மில்லி வேகத்தில் ஓடவிட்டார்கள். வேகம் கூடினால் தூணில் தொட்ட செல் ஒட்டாமல் அடித்துச் செல்லப்படும். குறைந்தால் வேலை முடிய நாளாகும். அதைப் பற்றிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சுனிதா நாக்ரத் என்ற பொறியாளர். அந்தச் சில்லும் எப்கேமையே நம்பியதுதான். ஆனால் செல்களை உயிரோடு எடுக்கலாம் என்று அது காட்டியது. 2014-ல் அதே நகரத்தில் மார்பகப் புற்றுநோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த செல்களைக் குப்பியில் வளர்த்து, எந்த மருந்துக்கு எது மடியும் என்று சோதிக்கும்வரை போனார்கள். மிகச் சிலரின் செல்களே வளர்ந்தன.

செல்லைப் பார்க்காமலே அதன் தடயத்தைத் தேடும் வழிகளும் உண்டு. சைட்டோகெராட்டின் 19-ஐத் தயாரிக்கச் சொல்லும் ஆர்.என்.ஏ.வை பி.சி.ஆர். முறையில் பெருக்கிப் பார்ப்பது கிரீஸ் ஆய்வகங்களில் செழித்தது. கோவிட் காலத்தில் நாம் அனைவரும் கற்ற அதே பி.சி.ஆர். கூர்மை அதிகம், தவறான எச்சரிக்கையும் அதிகம், ஏனென்றால் அந்த மரபணுவின் செயலற்ற நகல்கள் நம் மரபணுத் தொகுதியில் வேறிடங்களில் கிடக்கின்றன. பிரான்ஸின் மான்பெல்லியேவில் உருவான இன்னொரு முறை, செல்களை ஒரு சவ்வின் மேல் ஓரிரு நாள் வாழவிட்டு, அவை சுரக்கும் புரதத்தின் தடத்தைப் படிக்கிறது. செத்த செல் எதையும் சுரக்காது. எனவே அங்கே பதிவாவது உயிருள்ளவை மட்டுமே.

இவ்வளவு கருவிகளால் கிடைத்த அறிவு சிறிதல்ல. மார்பகத்தை அகற்றியபின் ரத்தத்தில் மிஞ்சிய செல்கள் எவ்வளவு வேகத்தில் மறைகின்றன என்று டாலஸ் குழு 2004-ல் அளந்தது: ஒன்றிலிருந்து 2.4 மணி நேரத்துக்குள் பாதி காணாமல் போய்விடும். அதே ஆய்வில், அறுவை முடிந்து 7 முதல் 22 ஆண்டுகள் நோயின் சுவடே இல்லாமல் வாழ்ந்த 36 பெண்களில் 13 பேரின் ரத்தத்தில் செல்கள் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சில மணி நேரமே வாழும் செல் இருபதாண்டுக்குப் பிறகும் தென்படுகிறது என்றால், உடலில் எங்கோ ஒரு சிறு கூட்டம் ஓயாமல் அதை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டம் வளரவும் இல்லை. 2014-ல் நிக்கோலா அசெட்டோ குழு, ஒற்றைச் செல்லைவிடக் கொத்தாக வரும் செல்கள் எலிகளில் 23 முதல் 50 மடங்கு அதிகமாகப் பரவலை உண்டாக்கும் என்று கண்டது. 2022-ல் அதே ஆய்வாளரின் சுவிஸ் குழு, 30 பெண்களிடம் அதிகாலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தது. கிடைத்த செல்களில் 78 சதவீதம் உறக்கத்தில் எடுத்த ரத்தத்தில் இருந்தன. உலகெங்கும் ரத்தம் எடுக்கும் நேரமோ, காலை ஆய்வகம் திறந்த பிறகு.

மருத்துவருக்கு இதனால் என்ன பயன்? இங்கேதான் கதை கரடுமுரடாகிறது. எஸ்0500 என்ற அமெரிக்க ஆய்வு நேரடியாகக் கேட்டது: முதல் கீமோ தொடங்கி மூன்று வாரத்தில் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால், உடனே மருந்தை மாற்றினால் ஆயுள் கூடுமா? 595 பெண்கள் சேர்ந்தார்கள். எண்ணிக்கை இறங்காத 123 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். அதே மருந்தில் தொடர்ந்தவர்களின் நடுமதிப்பு ஆயுள் 10.7 மாதங்கள், மாற்றியவர்களுக்கு 12.5, புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. முன்கணிப்பு மட்டும் அச்சுப் பிசகவில்லை: தொடக்கத்திலேயே எண்ணிக்கை குறைவாக இருந்தவர்கள் 35 மாதங்கள், ஏறி இருந்து இறங்கியவர்கள் 23, இறங்காதவர்கள் 13. கெட்ட செய்தியைச் சரியாகச் சொன்னது, மாற்றுவழி சொல்லவில்லை. மாற்றிக் கொடுத்ததும் இன்னொரு கீமோதான். ஒன்றுக்கு அசையாத நோய் மற்றொன்றுக்கும் அசையவில்லை.

பிரான்ஸில் நடந்த இன்னொரு ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தந்தது. ஹார்மோன் சிகிச்சையா கீமோவா என்பதை மருத்துவரின் அனுபவத்துக்குப் பதில் செல் எண்ணிக்கையே முடிவு செய்தால் என்ன ஆகும் என்று 755 பெண்களிடம் பார்த்தார்கள். நோய் முன்னேறாத காலம் எண்ணிக்கைக் குழுவில் 15.5 மாதங்கள், மருத்துவர் குழுவில் 13.9. எண்ணிக்கை சளைத்ததல்ல என்று நிரூபணமானது. ஆனால் 2021-ல் முடிவு வெளியானபோது ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்துத் தரும் பால்போசைக்ளிப் வகை மாத்திரைகள் வந்து, இத்தகைய பெண்களுக்கு முதலில் கீமோ கொடுக்கும் வழக்கமே அருகிவிட்டது. கேட்ட கேள்வி காலாவதியான பிறகு விடை வந்து சேர்ந்தது. இதற்குள் ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளைப் படிக்கும் முறை முந்திக்கொண்டது. ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காமல் போகச் செய்யும் இ.எஸ்.ஆர்.1 மரபணு மாற்றத்தை ரத்தத்தில் கண்டால் எலாசெஸ்ட்ரான்ட் மாத்திரை தரலாம் என்று 2023 ஜனவரியில் எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தது. எந்த மருந்து என்று அந்தப் பரிசோதனை சொல்கிறது. செல் எண்ணிக்கை எவ்வளவு மோசம் என்று மட்டும் சொல்கிறது. மருத்துவர் எதை எழுதிக் கொடுப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

ஆயினும் முழுச் செல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது. டி.என்.ஏ. துணுக்கு பெரும்பாலும் செத்த செல்லின் மிச்சம். அடுத்த உறுப்பில் போய்க் குடியேறப்போவது உயிருள்ள செல். அதன் மேற்பரப்பில் ஹெர்2 என்ற புரதம் இருக்கிறதா, கொத்தாக வருகிறதா, எந்த மருந்துக்கு மடியும் என்பதையெல்லாம் அதனிடம்தான் கேட்க முடியும்.

கடைசியாக, நேரடியாகப் பயன்படும் ஒரு செய்தி. ஒரே ரத்தப் பரிசோதனையில் மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்ற விளம்பரங்கள் இந்தியாவிலும் வருகின்றன. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில், நோய் உறுதியாகி, பரவாத நிலையில் அறுவைக்கு வந்த 302 பெண்களைப் பரிசோதித்தபோது, ரத்தத்தில் ஒரு செல்லாவது தென்பட்டது 73 பேரிடம்தான். மார்பில் கட்டி இருப்பது தெரிந்த மீதி 229 பேருக்கும் அந்தப் பரிசோதனை 'ஒன்றுமில்லை' என்றது. செல்சர்ச்சுக்கு எஃப்.டி.ஏ. மார்பகப் புற்றுநோயில் தந்த அனுமதியும் பரவிய நிலைக்கு மட்டுமே. மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் ரத்தக் கசிவு இருந்தாலோ, தோல் உள்வாங்கினாலோ, எந்த ரத்த அறிக்கை 'இல்லை' என்று சொன்னாலும் மருத்துவரிடம் போய் மேமோகிராமும் தேவைப்பட்டால் பயாப்சியும் செய்துகொள்ளுங்கள்.